வேர் விட்டதாகச் சொன்ன பங்களாப்பூ

வெள்ளிக்கிழமை பின்னேரம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் குந்தியிருக்கிறேன். எனக்கு முன்னால் வரிசையாக நாற்பது கறுப்புப் பொலித்தீன் பைகள். ஒவ்வொரு பையிலும் ஒரு குச்சி, குச்சியில் ஒரு இலை. இலை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எல்லாம் ஈரத்தில் ஊறிக் கறுத்து, தொட்டால் கையோடு வந்தன. நாற்றம் வேறு.

ஒன்றைப் பிடுங்கி அடியைப் பார்த்தேன். வேர் இல்லை. அடுத்ததைப் பிடுங்கினேன். அதிலும் இல்லை. பத்துப் பைக்கு மேல் பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் வந்த ஆத்திரத்தில் நாற்பதையும் பிடுங்கிப் போட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அக்கா.

"பாப்பா, நம்ம பூச்செடி வேர் விட்டுருச்சா?"

கையில் செத்த குச்சி. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "விட்டுருச்சுக்கா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றுவதற்காக அடுத்த ஒன்றரை வருடம் நான் பட்ட பாட்டைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

யாருக்கும் வாயில் வராத பெயர்

புத்தகத்தில் அந்தச் செடிக்கு ரொடோடென்ட்ரன் என்று பெயர். இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற எனக்கே அதை ஒரே மூச்சில் சொல்ல வராது. மேல் காடுகளில் தானாக வளர்கிற இதன் சாதியைச் சிங்களத்தில் மகா ரத்மல் என்பார்கள். எங்கள் லயத்தில் இது பங்களாப்பூ. தோட்டத்தை நிர்வகிக்கிற தொரையின் பங்களாவிலிருந்து வந்ததால் பங்களாப்பூ. அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை.

ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும் புதர். இலை ஒரு சாண் நீளம். மேலே பச்சை, அடியில் தடவிப் பார்த்தால் பழுப்பாக, வெல்வெட்டுத் துணி போல இருக்கும். குளிர் குறைந்து வெயில் எட்டிப் பார்க்கிற மாதங்களில் கொத்துக் கொத்தாகச் சிவப்பாகப் பூக்கும். இதழுக்குள்ளே மிளகுத்தூள் தூவியது மாதிரிப் புள்ளிகள். வாசம் கிடையாது. சாமிக்கு வைக்கிற வழக்கமும் இல்லை. தலையில் வைத்தால் கனம் தாங்காமல் நழுவி விழும். எதற்கும் உதவாத பூ என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

இந்தத் தொடரை இடையில் எடுத்துப் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்கா என்றால் ராஜேஸ்வரி. என்னைவிட எட்டு வயது மூத்தவள். எனக்கு ஊரில் எல்லாரும் டீச்சர் என்று பேர் வைத்து வெகுகாலமாகிவிட்டது, அவளுக்கு மட்டும் நான் இன்னும் பாப்பாதான்.

பதினெட்டு வயதில் அவள் பங்களா சமையலறைக்கு வேலைக்குப் போனாள். அங்கேயிருந்துதான் இந்தச் செடியைக் கொண்டுவந்து லயத்துக் கோடியில், பீலிக்குப் பக்கத்தில் நட்டாள்.

மலையிலிருந்து குழாயில் இறங்கி வந்து கொட்டுகிற தண்ணீர்தான் பீலி. குடிக்க, துவைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் லயம் முழுக்க அதை நம்பித்தான் இருந்தது. பெண்கள் பாவாடையை நெஞ்சுக்கு மேலே கட்டிக்கொண்டு குளித்தால் மேலே ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கலாம். நின்று பார்க்கிறவர்களும் உண்டு. ஒரு தடுப்பு அடித்துத் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு எல்லாரும் அலுத்துப்போன பிறகு, அக்கா இந்தச் செடியைக் கொண்டுவந்து நட்டாள். பூவுக்காக நடவில்லை. இலைக்காக நட்டாள்.

சில வருடங்களில் அது ரோட்டை மறைத்தது. அதன் மறைவில் பயமில்லாமல் குளித்து வளர்ந்தவள் நான்.

பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார். அக்கா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். நான் படித்து டீச்சர் ஆனேன். அவள் போனதால்தான் நான் படித்தேன், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நடுநடுவே வந்தாள், வந்த வேகத்தில் திரும்பிப் போனாள். கடைசியாக வந்தது அம்மாவின் சாவுக்கு. அதற்கும் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைப் பின்னேரப் போன்தான். அந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுத் தூங்குகிற நேரமாம். மெதுவாகத்தான் பேசுவாள். நல்லா இருக்கேன், தனி ரூம் குடுத்திருக்காங்க, நல்லாப் பாத்துக்கிறாங்க என்பாள். அந்த வீட்டு வரவேற்பறையைப் படம் பிடித்து அனுப்புவாள். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்மாருக்குக் காட்டுவேன்.

சுவரில் போட்ட சிவப்புக் கோடு

எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் இறங்குகிறது, இனி இங்கே இருக்கக்கூடாது என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். நாங்கள் குடியிருந்த அறைகளான காம்பராக்களின் சுவர்களில் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். தோட்டத்தின் மேட்டுப் பகுதியான மேல் டிவிசனில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியும் புதுவீடும் தருவார்களாம். வீடுகள் கட்டி முடிந்ததும் லயத்தை இடித்துவிடுவார்கள்.

அக்காவிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: "நானும் வந்துர்றேன் பாப்பா. இந்தத் தடவ முடிச்சுக்கிட்டு ஒரேயடியா வந்துர்றேன். அந்தச் செடிய மட்டும் விட்டுறாத."

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

புதரைத் தோண்டி எடுத்துப் போகலாம் என்றால் அது பாறை இடுக்கில் வேரை விட்டு முப்பது நாற்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறது. கடப்பாரையால் இரண்டு குத்துக் குத்திப் பார்த்த என் வீட்டுக்காரர், முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அதிலிருந்து ஒரு கன்று உண்டாக்கினால்தான் உண்டு.

கன்று உண்டாக்குவது எங்கள் வீட்டில் ஒரு பெரிய விசயமே இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். காரணம், என் வீட்டுக்காரர் சிவலிங்கம் தோட்டத்தில் நர்சரிக் கங்காணியாக, தேயிலைக் கன்று போடுகிற இடத்துக்கு மேற்பார்வையாளராக இருந்தவர்.

கங்காணி வெட்டிய குச்சி

இந்த டிவிசனில் கால்வாசி மலை அவர் கையால் வேர் விட்ட தேயிலை. அவரே அடிக்கடி சொல்லிக் காட்டுவார். அவர் வேலையிலிருந்து நின்ற கொஞ்ச நாளில் நர்சரியையும் மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதருக்குக் கை ஓடாமல், என் சமையலறையில் வந்து டப்பாக்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். செடி விசயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"மூணே மாசம் டீச்சர். வேரோட கையில தர்றேன்."

"இது தேயில இல்லீங்க."

"செடின்னா செடிதானே. தேயிலைக்கு வர்ற வேரு இதுக்கு மட்டும் வராமப் போயிருமா?"

"புத்தகத்துல வேற மாதிரிப் போட்டிருக்காங்க."

"புத்தகம் எழுதுனவன் எத்தன லெச்சம் கன்னு போட்டிருக்கான்னு கேட்டுச் சொல்லு."

விடியற்காலையில், பனி காயுமுன் கிளைகளை வெட்டினார். வாளியில் தண்ணீர் வைத்து அதில் போட்டார். தேயிலைக்குச் செய்கிறபடியே ஒரு இலைக்கு ஒரு விரற்கடைக் குச்சி என்று துண்டு போட்டு, அடியைச் சாய்வாகச் சீவி, சல்லடையில் சலித்த மண்ணில் ஊன்றினார். மேலே பெரணித்தழையில் பந்தல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, கங்காணி கங்காணிதான் என்று சொல்லிப் போனார்கள்.

தேயிலை இலை விரல் நீளம். பங்களாப்பூ இலை ஒரு சாண். அந்தப் பெரிய இலையைத் தூக்கிப் பிடிக்க அந்தச் சின்னக் குச்சிக்குச் சத்து எங்கேயிருந்து வரும்? மழை வந்தது, இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்தன, அழுகின. நாற்பதும் போன கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு அவர் கத்தியைத் துடைத்து, துணியில் சுற்றி, அலமாரி மேலே வைத்தார். மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா என்று எரிச்சலாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்பது கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும்.

குறுக்கு வழியும் ஒன்று பார்த்தேன். நுவரெலியாவுக்கு ஒரு கூட்டத்துக்குப் போனபோது, ரோட்டோரப் பூக்கன்றுக் கடையில் போனில் இருந்த படத்தைக் காட்டி இது இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரப் பெண் ஒரு சட்டியை எடுத்து நீட்டினாள். இலை என் நகத்தளவு இருந்தது. இது வேறல்லவா என்று சிங்களத்தில் கேட்டேன்.

"ஏகமய் மிஸ்," என்றாள். இரண்டும் ஒன்றுதானாம்.

வாங்கி வந்தேன். பூத்தது. இளஞ்சிவப்பில், சட்டைப் பொத்தான் அளவுக்கு. அக்கா அதைப் பார்த்தால் என்னைச் செருப்பால் அடிப்பாள் என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

டீச்சர் வைத்த பரீட்சை

இரண்டாவது முறை நானே இறங்கினேன். புத்தகத்தில் சொன்னபடி நீளமான கிளை நுனிகள். பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கினேன். அடிப்பட்டையைக் கொஞ்சம் சுரண்டினேன். பைன் மரத்தடியிலிருந்து மக்கிய ஊசி இலைகளை அள்ளி வந்து மண்ணோடு கலந்தேன். மேலே வளைத்து மூட வெள்ளைப் பொலித்தீன். இவர் தூரத்தில் நின்று பார்த்தாரே தவிர வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு மாதம் போனது. இலை பச்சையாகவே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் வேர் வந்ததா என்று எப்படித் தெரியும்? பிடுங்கிப் பார்த்தால்தானே தெரியும். சனிக்கிழமை ஒன்றைப் பிடுங்கினேன். அடியில் வெள்ளையாகச் சின்னக் கட்டி தட்டியிருந்தது. திரும்ப ஊன்றினேன். அடுத்த சனிக்கிழமை இன்னும் நாலைந்தைப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு வாரா வாரம் பரீட்சை வைத்துப் பழகிப்போன புத்தி. ஏழெட்டுச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு குச்சியில்கூடப் பச்சை மிச்சமில்லை.

"வேரு வர்ற எடத்துல வாரா வாரம் கைய வெச்சா அது எப்படி டீச்சர் வரும்?"

முதல் முறையாக வாய் திறந்தார். அதைச் சொல்வதற்கு அவர் இரண்டு மாதம் காத்திருந்திருக்கிறார் என்று நினைத்தபோது, வாளியை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

கேட்க முடியாத ஆள்

இதற்கிடையில் என் பொய் நன்றாக வேர் விட்டு வளர்ந்தது.

வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா கேட்டாள். எத்தனை இலை விட்டிருக்கிறது? மழைக்குத் தாங்குதா? எங்கே வைக்கப் போகிறாய்? நான் பத்து இலை என்றேன், பன்னிரண்டு என்றேன். ஒருநாள் படம் அனுப்பு என்றாள். பழைய புதரில் ஒரு பூங்கொத்தைக் கிட்டப் போய்ப் படம் எடுத்து அனுப்பினேன். கன்றே பூத்துவிட்டதென்று நினைத்துக்கொண்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. அதை அவள் வேலை செய்கிற வீட்டு அம்மாவுக்கும் காட்டினாளாம்.

இதில் இன்னொரு கொடுமையும் இருந்தது. இந்தச் செடியிலிருந்து கன்று எடுப்பதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் உலகத்தில் அக்காதான். பங்களாத் தோட்டக்காரர் எப்படிச் செய்தார் என்று அவளுக்குத் தெரியும். அவளிடம்தான் நான் கேட்க முடியாது. வேர் விட்ட செடிக்கு வேர் விடும் வழி எதற்கு?

கடைசியில் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தேன்.

"அக்கா, அந்தக் காலத்துல நீ பங்களாவுல இருந்து இத எப்படிக் கொண்டாந்த?"

"ஏன், இப்ப எதுக்கு அது?"

"பிள்ளைகளுக்குச் சொல்றதுக்கு. பாடத்துல வருது."

பாடத்தில் எங்கே வருகிறது, சுத்தப் பொய். அக்கா நம்பினாள். தோட்டக்காரர் குச்சி வெட்டவே இல்லை என்று சொன்னாள். தாழக் கிடக்கிற கிளையை வெட்டாமல் வளைத்து, மண்ணைத் தொடுகிற இடத்தில் அடிப்பட்டையைச் சுரண்டி, பாசியும் மக்கின தழையும் போட்டு மூடி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தாராம். தாய்ச்செடி சோறு போட்டுக்கொண்டிருக்கும், கிளை நிதானமாக வேர் விடும்.

"எத்தன நாள் ஆச்சுக்கா?"

"நாளா? ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. நான் டெய்லி கல்லத் தூக்கிப் பாக்கப் போயி, அந்தாளு என்னத் தொரத்தி விட்டாரு."

போனை வைத்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தேன். தாழக் கிடந்த கிளை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். மற்றதை எல்லாம் நாங்கள் இரண்டு பேரும் குச்சிக் குச்சியாக வெட்டித் தீர்த்திருந்தோம்.

இவரிடம் சொன்னேன். அலமாரி மேலேயிருந்து கத்தியை எடுத்தார். கிளையை வளைத்து, முளையடித்து, பாசி வைத்துக் கல்லையும் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "கல்லுல கை வெச்ச, பாத்துக்க," என்றார்.

மாரியாயியின் விரல்கள்

மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியில் துளிர் வந்தது. இரண்டே நாளில் காணவில்லை. மறுபடி வந்தது, மறுபடி காணவில்லை. துளிர் நின்றால்தானே இலை, இலை இருந்தால்தானே வேர். நத்தை என்று உப்பைக் கொட்டினோம். குரங்கு என்று தகரம் கட்டினோம். கீழ் லயத்து ஆடு என்று நான் ஆட்டுக்காரி வீட்டுக்கே போய்ச் சண்டை பிடித்தேன். நியாயமாகப் பார்த்தால் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், இன்னும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவோரம் நின்று காவல் காத்தேன். பக்கத்துக் காம்பரா மாரியாயி குடத்தைப் பீலியில் வைத்துவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு பேசிக்கொண்டு நின்றாள். குடம் நிரம்பும்வரை பேச்சு. வாய் பேச்சில் இருக்க, வலது கை தன்பாட்டுக்குக் கீழே இறங்கி என் துளிரைக் கிள்ளிக்கொண்டிருந்தது.

"மாரியாயி, கையில என்னா?"

"ஒன்னுமில்லயே டீச்சர்."

"விரிச்சுப் பாரு."

விரித்தாள். மூன்று துளிர். அவளே திகைத்துப்போய்ப் பார்த்தாள்.

"அய்யையோ. இது எப்படி என் கையில வந்துச்சு?"

"நான் கேக்க வேண்டிய கேள்விய நீ கேளு."

"சத்தியமாத் தெரியாது டீச்சர். முப்பது வருசமாக் கொழுந்து எடுத்த கை. பச்சையா மொளச்சு நின்னா அது பாட்டுக்குப் போவுது. நான் என்னா செய்ய?"

அன்று பின்னேரம் இவர் ஒரு மஞ்சள் துணியை எடுத்து அந்தக் கிளையில் கட்டிவிட்டார். அடுத்த நாளிலிருந்து மாரியாயி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அத்தோடு விட்டிருந்தால் நல்லது. அடுத்த வாரம் யாரோ கல்லுக்குக் குங்குமம் வைத்தார்கள். பிறகு வேப்பிலை. ஒரு வெள்ளிக்கிழமை கற்பூரம் கொளுத்தியதில் இரண்டு இலை கருகியது. இது சாமி இல்லை, பதியம் போட்ட கிளை என்று லயம் முழுக்கப் போய்ப் பாடம் நடத்தினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மறு வெள்ளிக்கிழமை கற்பூரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கொளுத்தினார்கள்.

மெசின் வந்த காலை

லயத்தை இடிக்க இன்னும் நாலைந்து மாதம் இருக்கிறது என்றார்கள். நாங்கள் சாமான்களைப் புதுவீட்டுக்கு ஏற்றி முடித்த அடுத்த வாரமே இடித்து மண் அள்ளுகிற பெக்கோ மெசின் வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மாரியாயிதான் மலையிலிருந்து போனில் கூப்பிட்டுச் சொன்னாள். மூன்றாம் வகுப்பைப் பக்கத்து டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இந்த வயதில் ஓடக்கூடாது.

நான் போகும்போது பாதி லயம் இல்லை. மெசின்காரப் பையன் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் பீலியடியில் மண்டி போட்டு உட்கார்ந்து, கல்லைத் தள்ளிவிட்டு, விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இருக்கா?" என்று கேட்டேன். மூச்சு வாங்கியது.

"பேசாம இரு."

பாசியை விலக்கினார். மயிர் மாதிரி மெல்லிசாக, பழுப்பாக, ஒரு பிடி வேர். கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். தாய்ச்செடிப் பக்கம் கிளையை அறுத்து, மண்ணோடு எடுத்துத் துவைக்கிற பேசினில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டார். மேல் டிவிசன் வரை ஏற்றம். கொடுங்கள் நான் தூக்குகிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

எங்களுக்குப் பின்னால் மெசின் திரும்ப உறுமியது. நான் திரும்பிப் பார்த்தேன். புதர் சாய்ந்து, பீலி ரோட்டிலிருந்து அப்படியே தெரிந்தது. பார்த்திருக்க வேண்டாம்.

அக்கா வந்தாள்

அக்கா வருகிற நாளில் கன்றில் ஏழு இலை இருந்தது. நான் போனில் வளர்த்த செடி அதற்குள் இடுப்பளவுக்கு வந்து இரண்டு முறை பூத்திருந்தது. முதலில் சாப்பிட வைத்து, குளிக்க வைத்து, தூங்க வைத்து, அடுத்த நாள் மெதுவாகச் சொல்லலாம் என்று திட்டம் போட்டிருந்தேன்.

வான் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். மெலிந்திருந்தாள். தலை முழுக்க நரை. கட்டிப்பிடித்து அழுது முடித்ததும், வீட்டுப்படி ஏறாமல் அங்கேயே நின்று கேட்டாள்: "எங்க பாப்பா செடி?"

இவர், "வாங்க மதினி, பெட்டியக் குடுங்க," என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் வெளியே தலை காட்டவில்லை.

வேறு வழியில்லை. பின்பக்கம் கூட்டிப் போனேன். மூங்கில் தடுப்புக்குள் முழங்காலுக்கும் கீழே அது நின்றது.

அக்கா பார்த்தாள். "இதா பூத்துச்சு?"

"இல்லக்கா."

"பின்ன?"

எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது பையையும், சனிக்கிழமைப் பரீட்சையையும், பாடத்தில் வருகிறதென்று ஏமாற்றிக் கேட்டதையும். மாரியாயி கதைக்கு அவள் சிரித்தாள். கற்பூரத்துக்கு இன்னும் சிரித்தாள். நான் அழுதுகொண்டே சொன்னேன், அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

"சிரிக்காதக்கா. ஒன்றர வருசமா ஒங்கிட்டப் பொய் சொல்லிட்டு நான் தூங்காமக் கெடக்கிறேன்."

அவள் குந்தி உட்கார்ந்து ஒரு இலையைத் திருப்பி, அடியைத் தடவிப் பார்த்தாள்.

"விடு பாப்பா. நீ ஒரு செடிக்குத்தான பொய் சொன்ன."

எனக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் செடியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"தனி ரூமுன்னு சொன்னேன்ல. சாமான் அடுக்குற எடம் அது. அரிசி மூட்டைக்கும் செவுத்துக்கும் நடுவுலதான் படுத்தேன். கால நீட்ட முடியாது. கடைசி வீட்டுல மட்டும் பன்னெண்டு வருசம்."

பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா வந்துரும்ப. வந்துட்டு என்னா பண்றது அப்ப? நீ எப்பப் போனெடுத்தாலும் அங்க எப்படி இருக்க, என்னா சாப்புட்ட, எங்க படுக்கிறன்னு கேப்ப. எனக்குப் பொய் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. செடியப் பத்திக் கேட்டா நீ நிறுத்தாமப் பேசுவ. நான் பேச வேண்டியதில்ல. அதான் வாரா வாரம் அதையே கேட்டேன்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. கோபம் வந்தது. அவள்மேல் வந்தது, அந்த வீட்டின்மேல் வந்தது, அந்த வரவேற்பறைப் படத்தைப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டித் திரிந்த என்மேல்தான் அதிகம் வந்தது. பத்து இலை, பன்னிரண்டு இலை என்று வாரத்துக்கு அரைமணி நேரம் நான் அளந்துகொண்டிருந்தபோது, அவள் ஒரு மூட்டையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

எழுந்து உள்ளே போனேன். அக்காவுக்கென்று ஒதுக்கிய அறையில் கட்டில் போட்டிருந்தோம். கட்டிலின் கால்மாட்டில் என் பள்ளிக்கூடப் புத்தகப் பெட்டிகள் ஆறு, சுவர்வரை அடுக்கியிருந்தன. வைக்க வேறு இடமில்லை, கொஞ்ச நாளைக்கு அங்கேயே இருக்கட்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

ஒவ்வொன்றாக இழுத்து வாசலில் போட ஆரம்பித்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

"என்னா டீச்சர் பண்ற? நனைஞ்சு போவும்," என்றார் இவர்.

"நனையட்டும். நீங்களும் ஒன்னத் தூக்குங்க," என்றேன்.